கம்பம் பள்ளத்தாக்கின் ஜீப்புகளும் நிற்காத எண்ணெய்க் கசிவும்

தேனி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், கோம்பை, தேவாரம், போடிநாயக்கனூர் என்று மலையடிவாரத்தை ஒட்டி ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. இந்த ஊர்களிலிருந்து விடியுமுன்பே ஜீப்புகள் புறப்படும். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் தூக்குச்சட்டியுடன் அவற்றில் ஏறிக்கொள்வார்கள். வண்டி போன பின்பு, இரவெல்லாம் அது நின்ற இடத்தில் கருப்பாக ஒரு வட்டம் மட்டும் மிஞ்சும். எஞ்சினிலிருந்து சொட்டிய எண்ணெய் அது. துடைத்தாலும், மண்ணைப் போட்டு மூடினாலும், எஞ்சினைப் பிரித்துப் பேக்கிங் மாற்றினாலும் சில வாரங்களில் அந்த வட்டம் மீண்டும் வந்துவிடும்.

பார்ப்பதற்குச் சிறிய கோளாறுதான். ஆனால், மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு அது சிறியதன்று. பின்பக்கம் கசியும் எண்ணெய் கிளட்ச் பிளேட்டில் பட்டால் பிளேட் வழுக்கும். ஆட்களை நிறைய ஏற்றிய வண்டி கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது எஞ்சின் உறுமும், சக்கரம் சுற்றாது. அதனால் இந்தக் கசிவை வீட்டு வாசலிலேயே படுத்துச் சரிசெய்யும் வழக்கத்துக்கு இப்பகுதியில் ஒரு தனி வரலாறு உண்டு.

மலையும் பாதையும்

கம்பம் பள்ளத்தாக்குக்கு மேற்கே ஏலமலையும், கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளும் உள்ளன. நடுவில் முல்லைப் பெரியாறு ஓடுகிறது. 1895-இல் பெரியாறு அணை திறக்கப்பட்ட பின்பு பள்ளத்தாக்கின் தாழ்ந்த நிலங்கள் நெல் விளையும் நஞ்சையாயின. ஆயினும், நஞ்சை இல்லாதவர்களுக்கும் கூலிக்காரர்களுக்கும் பிழைப்பு மலைமேல்தான் இருந்தது. ஏலக்காயும் தேயிலையும் அங்கே விளைந்தன. அவற்றுக்கு வேண்டிய ஆட்களும் அரிசியும் கீழேயிருந்து போயின.

மோட்டார் வருவதற்கு முன்பு இந்தப் போக்குவரத்து தலைச்சுமையாகவும் பொதிமாடு, கழுதைகள் மூலமாகவும் நடந்தது. மூணாறுப் பகுதித் தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிக்குக் கம்பிவடத்தில் இறக்கிப் போடிக்குக் கொண்டுவந்த காலமும் உண்டு. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-இல். இரண்டாம் உலகப் போரின்போது அந்தத் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். 1950களில்தான் மீண்டும் போட்டார்கள். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோட்டங்கள் கேரளத்திலும், அவற்றில் வேலை செய்வோரின் வீடுகள் தமிழ்நாட்டிலும் என்றாயிற்று. காலையில் ஒரு மாநிலம், மாலையில் ஒரு மாநிலம் என்ற இந்த வாழ்க்கைக்கு மூன்று மலைப்பாதைகள் வழிவிட்டன. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறுவது ஒன்று. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு ஏறுவது மற்றொன்று. போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளோடு போடிமெட்டுக்கு ஏறுவது மூன்றாவது. போடிப் பாதையில் வண்டி ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். எண்ணெய்க் கசிவுக்கும் இந்த ஏற்றத்துக்கும் நேரான தொடர்பு உண்டு. அதைப் பின்னர் காணலாம்.

கசிவு குறையாகக் கருதப்படாத காலம்

பள்ளத்தாக்கு முதலில் கண்ட எஞ்சின் வண்டியில் இருந்ததன்று, கிணற்றடியில் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் ஆசிரியர், கிணற்றுப் பாசனத்துக்கு எண்ணெய் எஞ்சினையும் பம்பையும் பயன்படுத்தும் முயற்சிகளை அரசின் ஆதரவோடு நடத்தினார். அலுமினியப் பாத்திரத் தொழிலை இந்தியாவில் வளர்த்தவர் என்றும் அவரைச் சொல்வார்கள். கமலை இறைத்த தோட்டக்கால்களில் மெல்ல மெல்ல ஆயில் எஞ்சின்கள் இடம்பிடித்தன. 1946-இல் புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்ட பின்பு உள்நாட்டு எஞ்சின்கள் பெருகின.

பழைய மெதுவோட்ட எஞ்சின்கள் பலவற்றில் எண்ணெய் சுற்றி வருவதில்லை. பேரிங்குக்கு மேலே ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். அதிலிருந்து சொட்டுச் சொட்டாக எண்ணெய் இறங்கும், பேரிங்கை நனைக்கும், பிறகு கீழே வழிந்து தகரத் தட்டில் சேரும். வழிந்தால்தான் எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று பொருள். சொட்டு நின்றுவிட்டால் தோட்டக்காரருக்குப் பயம் வந்துவிடும். அக்காலத்து எஞ்சின்கள் எண்ணெயைக் குடித்துவிட்டு வெளியே விடும்படியே வடிவமைக்கப்பட்டிருந்தன. எனவே, கசிவு என்ற சொல்லுக்கே அங்கு வேலையில்லை. எஞ்சின் அறையின் தரை கருத்திருப்பது இயல்பு. வடிந்த எண்ணெயைக் கரையான் ஏறாமல் இருக்க வேலிக்காலிலும் கதவு நிலையிலும் பூசினார்கள்.

எண்ணெயை ஒரு பெட்டிக்குள் அடைத்து, பம்பினால் சுற்றவிட்டு, மீண்டும் அதே எண்ணெயைப் பயன்படுத்தும் எஞ்சின் பரவிய பிறகுதான் வெளியே வரும் எண்ணெய் நட்டமாயிற்று, குறையாயிற்று. கிணற்றடி எஞ்சினோடு பழகிய கண்களுக்கு ஜீப்பின் கசிவு முதலில் பெரிதாகத் தோன்றாததில் வியப்பில்லை.

ஜீப் வந்த வழி

அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்காகச் செய்த ஜீப்பில் 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் இருந்தது. போர் முடிந்ததும் இந்தியாவில் மிஞ்சிய ராணுவ வண்டிகள் தனியார் கைக்கு வந்தன. 1945-இல் தொடங்கிய மகிந்திரா நிறுவனம், சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வில்லிஸ் ஜீப்பை இறக்குமதி செய்து பம்பாயில் பூட்டத் தொடங்கியது. பின்னர் இங்கேயே தயாரித்தது. 1953-இல் அமெரிக்காவில் வெளிவந்த சிஜே-3பி என்ற மாதிரிதான் இந்தியாவில் நெடுங்காலம் நிலைத்தது. அதன் பானெட் உயரமாக இருப்பதற்குக் காரணம் எஞ்சின்தான். உள்ளிழுக்கும் வால்வை மேலே வைத்ததால் எஞ்சின் உயர்ந்துவிட்டது. அதற்கேற்ப மூடியையும் உயர்த்தினார்கள்.

பெட்ரோல் விலை ஏறிய பிறகு டீசல் வந்தது. மகிந்திரா நிறுவனம் டிராக்டருக்காக இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தோடு கூட்டு வைத்திருந்தது. அந்த வழியில் வந்த டீசல் எஞ்சின் ஜீப்பிலும் ஏறியது. அடுத்து பிரான்சின் பெஜோ நிறுவனத்திடம் உரிமம் பெற்ற எக்ஸ்டிபி 4.90 எஞ்சின் வந்தது. பெயரிலேயே கணக்கு இருக்கிறது. 4 என்பது சிலிண்டர் எண்ணிக்கை, 90 என்பது சிலிண்டரின் விட்டம் மில்லிமீட்டரில். கொள்ளளவு 2,112 சி.சி. அதன்பின் 2,523 சி.சி. டிஐ எஞ்சின். மேஜர், கமாண்டர் என்று பெயர்கள் மாறினாலும் மலையடிவாரத்து மக்களுக்கு எல்லாமே ஜீப்தான்.

இந்த வண்டிகளுக்குப் பொதுவாக ஒரு நல்ல குணம் உண்டு. தரைக்கும் வண்டிக்கும் இடையே ஆள் படுக்க இடமிருக்கும். பள்ளம் தோண்டாமல், லிஃப்ட் இல்லாமல், ஒரு சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டே அடிப்பகுதி முழுவதையும் கழற்றலாம். கசிவை வீட்டிலேயே பார்க்கும் பழக்கம் வளர்ந்ததற்கு இந்த உயரம் ஒரு முக்கியக் காரணம்.

எந்த எண்ணெய், எந்த இடம்

ஜீப்பின் அடியில் சொட்டுவதெல்லாம் எஞ்சின் எண்ணெய் ஆகாது. எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே ஃப்ளைவீலையும் கிளட்ச்சையும் மூடியுள்ள பெல் ஹவுசிங் என்ற கூட்டின் அடியில் ஒரு துளை உண்டு. எஞ்சினின் பின் சீல் கெட்டாலும் அங்கேதான் சொட்டும். கியர் பாக்ஸின் முன் சீல் கெட்டாலும் அங்கேதான் சொட்டும். விரலில் தொட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரியும். டீசல் எஞ்சின் எண்ணெய் மை போலக் கருத்திருக்கும். கியர் எண்ணெய் தேன் நிறத்தில் கெட்டியாக, கந்தக நாற்றத்தோடு இருக்கும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். இதைச் செய்யாமல் எஞ்சினைப் பிரித்தவர்கள் ஒரு நாள் கூலியையும் பேக்கிங் காசையும் இழந்ததுதான் மிச்சம்.

எஞ்சின் எண்ணெய்தான் என்று உறுதியானால், அடுத்தது இடம் காண்பது. எண்ணெய் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே, சொட்டும் இடம் ஒருபோதும் கசியும் இடமாக இருக்க வேண்டியதில்லை. நனைந்திருக்கும் பகுதிகளில் எது மிக மேலே, மிக முன்னே இருக்கிறதோ அதுவே ஊற்று. எஞ்சினை மண்ணெண்ணெயாலோ டீசலாலோ கழுவித் துடைத்துக் காயவிட்டு, ஐயமான இடங்களில் முகப் பவுடரைத் தூவி, எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டினால் வெள்ளைப் பவுடரில் முதலில் எங்கே ஈரக்கோடு விழுகிறது என்பது தெரிந்துவிடும். இரவில் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, அதில் முன் சக்கரம், பின் சக்கரம் என்று குறித்து வைப்பது இன்னொரு முறை.

கசிவு எவ்வளவு என்பதையும் அந்தத் தாளே சொல்லும். ஏறத்தாழ 20 சொட்டு 1 மில்லி லிட்டர் என்று கொள்வோம். நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 1,440 சொட்டு, அதாவது 72 மில்லி. மாதத்துக்கு 2 லிட்டருக்கு மேல். எஞ்சினின் மொத்தக் கொள்ளளவே 4, 5 லிட்டர்தான். எண்ணெய்க் கேஜைப் பார்க்காமல் ஒரு மாதம் விட்டால் எஞ்சின் பாதி வயிற்றோடு மலை ஏறும்.

இடங்களில் எளியவை வால்வு மூடியும், டைமிங் மூடியும், ஆயில் சம்ப்பும் ஆகும். இவற்றுக்கு இடையில் உள்ள பேக்கிங்கை வீட்டிலேயே வெட்டலாம். தடித்த பேக்கிங் தாளையோ கார்க் தகட்டையோ மூடியின் விளிம்பில் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் விளிம்பின் அச்சு தாளிலே வெட்டி விழும். போல்ட் துளைகளுக்கும் அவ்வாறே. அக்காலத்தில் இதற்கு மேல் ஷெல்லாக் பூசினார்கள். பிற்காலத்தில் குழாயில் வரும் சிலிகான் பசை அந்த இடத்தைப் பிடித்தது.

இந்த எளிய வேலையில்தான் கசிவைத் திரும்ப வரவழைக்கும் தவறுகள் இரண்டு நடக்கின்றன. கசியக் கூடாது என்ற ஆத்திரத்தில் போல்ட்டை மிகையாக முறுக்குவது முதல் தவறு. சம்ப் என்பது மெல்லிய தகடு. முறுக்க முறுக்கத் துளையைச் சுற்றிய இடம் உள்வாங்கி, இரண்டு போல்ட்டுக்கு நடுவிலுள்ள பகுதி மேலெழும்பும். அந்த இடைவெளியில் எண்ணெய் வழி கண்டுகொள்ளும். மேசைமேல் தகட்டைக் கவிழ்த்து, எழும்பிய இடங்களைத் தட்டிச் சமப்படுத்தாமல் எத்தனை பேக்கிங் போட்டாலும் பயனில்லை. பசையை அள்ளிப் பூசுவது அடுத்த தவறு. வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும், உள்ளே பிதுங்குவது தெரியாது. அது பிய்ந்து எண்ணெயில் விழுந்து, பம்பின் வடிகட்டியை அடைத்துக்கொண்டால் பேரிங்குக்கு எண்ணெய் போகாது. கசிவை நிறுத்தப் போய் எஞ்சினையே இறுக வைத்த கதை இப்படித்தான் உண்டாகிறது.

கயிற்றுச் சீல்

மிகவும் தொல்லை தருவது எஞ்சினின் பின்பக்கத்துக் கசிவு. கிராங்க் ஷாஃப்ட் எஞ்சினுக்குள்ளே இருக்கிறது. அது சுழற்றும் ஃப்ளைவீல் வெளியே இருக்கிறது. அசையாத சுவரைத் துளைத்துக்கொண்டு சுழலும் தண்டு வெளியே வந்தாக வேண்டும். அந்த இடைவெளியை இறுக்கமாக அடைத்தால் தண்டு சுழலாது, விட்டுவிட்டால் எண்ணெய் வரும்.

தொடக்க காலத்தில் இதற்குக் கயிற்றையும் கம்பளியையும் தோலையும் பயன்படுத்தினார்கள். ஜெர்மனியின் ஃபிராய்டன்பெர்க் நிறுவனம் தோல் பதனிடும் நிறுவனம். 1929-இல் பொருளாதாரச் சரிவு வந்து தோலுக்குக் கிராக்கி குறைந்தபோது, அது இயந்திரங்களுக்கான தோல் சீல்களைச் செய்யத் தொடங்கியது. வால்டர் சிம்மர் என்ற பொறியாளர் பெயரால் அவை சிம்மர் வளையம் எனப்பட்டன. 1930களில் தோலின் இடத்துக்குச் செயற்கை ரப்பர் வந்தது. இன்று உலகெங்கும் ஆயில் சீல் என்று கேட்டு வாங்கும் வளையத்தின் முன்னோர் அதுதான். தோல் மண்டிகளுக்குப் பேர்போன திண்டுக்கல் பக்கத்தில் இருந்தும், எஞ்சின் சீலின் பிறப்பிடம் ஒரு தோல் ஆலை என்பது இப்பகுதியில் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம்.

ஆனால், கிராங்க்கின் பின்முனைக்கு முழு வளையம் உடனே வரவில்லை. பழைய வடிவமைப்புகள் பலவற்றில் அங்கே இரண்டு அரை வட்டங்களாகச் சீல் இருக்கும். மேல் பாதி எஞ்சின் உடலில், கீழ்ப் பாதி பேரிங் மூடியில். சில எஞ்சின்களில் அது ரப்பர், சிலவற்றில் கிராஃபைட் ஏற்றிய கல்நார்க் கயிறு. இரண்டு பாதிகள் சந்திக்கும் இரு முனைகளும் எப்போதும் பலவீனமானவை.

இந்தச் சீலுக்கு ஒரு வசதி உண்டு. கியர் பாக்ஸை இறக்காமலே மாற்றலாம். எண்ணெயை வடித்துவிட்டு, சம்ப்பைக் கழற்றி, பின் பேரிங் மூடியை இறக்கினால் கீழ்ப் பாதி கைக்கு வந்துவிடும். கயிற்றை முதலில் எஞ்சின் எண்ணெயில் ஊறவைப்பார்கள். பிறகு மூடியின் காடியில் வைத்து, தண்டின் பருமனுள்ள ஓர் உருளையை அதன்மேல் உருட்டி உருட்டி அமர்த்துவார்கள். முனைகளைச் சவர பிளேடால் சீராக வெட்ட வேண்டும். ஒரு பிசிறு மூடிக்கும் உடலுக்கும் இடையில் அகப்பட்டால் மூடி சரியாக உட்காராது, பேரிங் இடைவெளி கெடும். மேல் பாதிக்கு வேறு உத்தி. பழைய கயிற்றை ஒரு பக்கம் குத்தித் தள்ளி மறுபக்கம் இழுத்துவிட்டு, புதுக் கயிற்றின் முனையில் மெல்லிய கம்பியைக் கட்டி, கிராங்க்கை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இழுத்துக் கோப்பார்கள். கையும் கண்ணும் பழகியவர்களுக்கு ஒரு நாள் வேலை. கல்நார்த் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதை எண்ணாமல் ஒரு தலைமுறை இந்த வேலையைச் செய்து முடித்தது.

எண்ணெய் ஏற்கெனவே கிளட்ச் பிளேட்டை நனைத்திருந்தால் மட்டும் கியர் பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். பெட்ரோலில் கழுவி, தீயில் காட்டிக் காயவைத்த பிளேட்டை மீண்டும் பூட்டி ஓட்டியவர்கள் உண்டு. சமவெளியில் அது சில காலம் தாங்கலாம். பிளேட்டின் உள்ளே ஊறிய எண்ணெய், ஏற்றத்தில் சூடேறும்போது மீண்டும் மேலே வரும். போடிமெட்டுப் பாதையில் அப்படிப்பட்ட பிளேட்டை நம்புவது துணிச்சல் என்று சொல்வதைவிடக் கண்மூடித்தனம் என்பதே சரி.

மூச்சு விடாத எஞ்சின்

புதுச் சீல் போட்டும் ஒரே மாதத்தில் கசிகிறது என்றால் சீலைக் குறை சொல்வது வழக்கம். டூப்ளிகேட் சாமான் என்பார்கள். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால், பெரும்பாலான மறுகசிவுக்குக் காரணம் வேறிடத்தில் உள்ளது.

பிஸ்டன் ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எரிந்த வாயு சிறிதளவு அதைத் தாண்டிக் கீழே சம்ப்புக்குள் இறங்கும். ரிங் தேய்ந்தால் அதிகமாக இறங்கும். அந்த வாயு வெளியேறுவதற்காக வைத்த வழிதான் பிரீதர். டீசல் ஜீப்பில் அது பெரும்பாலும் ஒரு குழாய். பழைய பெட்ரோல் ஜீப்பில் ஒரு சிறு வால்வு வழியாக எஞ்சினின் உறிஞ்சும் பாதையோடு அது இணைந்திருக்கும். குழாய் தூசியாலும் எண்ணெய்க் கசடாலும் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடும். அடைபட்ட பானையில் நீராவி மூடியைத் தள்ளுவது போல, அந்த அழுத்தம் எண்ணெயை எங்கே பலவீனமோ அங்கே தள்ளும். வால்வு மூடியை அடைத்தால் டைமிங் மூடியில் வரும். அதையும் அடைத்தால் பின் சீலில் வரும். ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே போகிறவர் எஞ்சினின் மூச்சுக்குழலைப் பார்ப்பதில்லை.

இதைக் கண்டறியச் செலவு எதுவும் இல்லை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, அதன் வாயில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைப் பிடித்தால் போதும். பை படபடவென்று ஊதி எழுந்து புகையும் வந்தால், பேக்கிங் கடைக்குப் போகுமுன் பிரீதரைக் கழற்றிக் கழுவ வேண்டும். கழுவிய பின்பும் ஊதினால் ரிங் தேய்ந்துவிட்டது. அந்த எஞ்சினுக்குப் போர் வேலை பார்க்காமல் எந்தச் சீலும் நிற்காது.

சென்னைத் திருவொற்றியூரில் 1950களின் நடுவிலிருந்து செய்யப்பட்ட என்ஃபீல்டு புல்லட்டின் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினிலும் இதே கதைதான். எண்ணெய் ஒழுகாத புல்லட் என்றால் அதில் எண்ணெய் இல்லை என்று பொருள் என்பது ஓட்டுபவர்களின் கேலி. அதிலும் பிரீதரின் சிறு ரப்பர்க் குழாய் அடைபட்டாலோ, விறைத்துப் போனாலோ மூடிகளில் எல்லாம் ஈரம் தட்டும்.

மலைப்பாதை இந்தக் கோளாறை இன்னும் வளர்க்கிறது. ஏறும்போது வண்டியின் முகம் மேலே, பின்பகுதி கீழே. சம்ப்பில் உள்ள எண்ணெய் முழுவதும் பின்னோக்கி ஓடிப் பின் சீலின் வாசலில் நிற்கும். அதே நேரத்தில் தாழ்ந்த கியரில், நிறை பாரத்தில் எஞ்சின் இழுப்பதால் உள்ளழுத்தமும் உச்சத்தில் இருக்கும். எண்ணெயும் சூட்டில் நீர்த்திருக்கும். சமவெளியில் தேனிக்கும் பெரியகுளத்துக்கும் ஓடும் ஒரு வண்டியின் சீல் தாங்கும் காலம் வேறு, குமுளி ஏறும் வண்டியின் சீல் தாங்கும் காலம் வேறு என்பது இதனால்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எண்ணெய் கசிகிறதே என்று பயந்து சிலர் கேஜின் மேல் கோட்டுக்கும் மேலே ஊற்றிவைப்பார்கள். அளவு கூடினால் ஏற்றத்தில் சீல் இன்னும் ஆழமாக மூழ்கும். கிராங்க்கும் எண்ணெயை அடித்து நுரைக்க வைக்கும். ஊற்ற ஊற்றக் கசியும், கசியக் கசிய ஊற்றுவார்கள். சரிவான தெருவில் நிறுத்தி அளவு பார்ப்பதும் இதே தவறில் கொண்டுபோய் விடும். முகம் மேலே இருக்கும்போது கேஜ் ஓர் அளவு காட்டும், கீழே இருக்கும்போது வேறு அளவு காட்டும். மலையடிவாரத்தில் சமதளம் தேடி நிறுத்துவதும் ஒரு வேலைதான்.

வண்டியை நிறுத்த முடியாத பருவம்

இவ்வளவும் தெரிந்த ஓட்டுநர்களின் வண்டியும் கசிந்துகொண்டுதான் இருந்தது. அறியாமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஏலக்காய் எடுப்பு பெரும்பாலும் ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரை சுற்றுச் சுற்றாக நடக்கும். அந்த மாதங்களில் ஜீப் ஒரு நாள் நின்றால் ஓட்டுநருக்கு வாடகை போகும், வண்டிக்கடன் தவணை நிற்கும். அதைவிட, அந்த வண்டியை நம்பி நிற்கும் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அன்றைய கூலி போகும். அவர்களுள் பலர் பெண்கள். அடுத்த நாள் வேறு வண்டியில் ஏறிவிட்டால் திரும்ப வருவார்கள் என்ற உறுதியும் இல்லை. ஆகையால் சீல் வேலை பங்குனிக்குத் தள்ளப்படும். அதுவரை தினமும் அரை லிட்டர், கால் லிட்டர் என்று ஊற்றி ஓட்டுவார்கள். மறுகசிவின் பெரும்பகுதி இப்படிப் பருவத்துக்கும் எஞ்சினுக்கும் நடந்த பேரத்தில் உண்டானது.

அந்தப் பேரத்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதும் பார்க்க வேண்டியதே. கிளட்ச் வழுக்கும் வண்டி வளைவில் நின்றுவிட்டால், கிளீனரோ முன்னால் இருக்கும் ஆளோ குதித்துப் பின் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் இறங்கி நடக்க வேண்டும். தாமதமாகப் போனால் தோட்டத்தில் அரை நாள் கூலி. அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய தோட்ட ஜீப்புகள் விபத்துக்குள்ளாவதும், அதன்பின் சில நாட்கள் சோதனைச் சாவடிகளில் கெடுபிடி நடப்பதும் இப்பகுதி மக்கள் பலமுறை கண்டவை. சோதனையில் ஆட்களை எண்ணுவார்கள், காகிதங்களைப் பார்ப்பார்கள். பெல் ஹவுசிங்கின் அடியில் விரல் வைத்துப் பார்ப்பது எந்தப் படிவத்திலும் இல்லை.

ஒற்றை வளையம்

பிற்கால எஞ்சின்களில் கிராங்க்கின் பின்முனைக்கு இரண்டு பாதிகள் இல்லை, ஒரே முழு ரப்பர் வளையம். சம்ப்புக்கும் வால்வு மூடிக்கும் வார்த்த ரப்பர் பேக்கிங் வந்தது. பிரீதரில் எண்ணெய்த் துளியைப் பிரித்து உள்ளே திருப்பும் அமைப்பும் சேர்ந்தது. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 விதி நடைமுறைக்கு வந்தபின் விற்கும் வண்டிகளில் தரையில் எண்ணெய் வட்டம் என்பது அரிது. பழைய ஜீப்புகளின் இடத்தில் பொலிரோவும் பிக்கப்பும் கம்பம் மெட்டு ஏறுகின்றன.

கசிவு குறைந்தது உண்மை. அதோடு வீட்டு வாசல் வேலையும் குறைந்தது. முழு வளையத்தைக் கீழிருந்து நுழைக்க முடியாது. கியர் பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாவற்றையும் இறக்கினால்தான் அந்த வளையம் கண்ணுக்கே தெரியும். 50 ரூபாய்க் கயிற்றுக்குச் சம்ப்பைக் கழற்றிய காலம் போய், சில நூறு ரூபாய்ச் சீலுக்குப் பல ஆயிரம் ரூபாய் கூலி கொடுக்கும் காலம் வந்துவிட்டது. பழைய வடிவமைப்பு அடிக்கடி கசிந்தது, ஆனால் சொந்தக்காரரே திறந்து பார்க்க இடம் கொடுத்தது. புதிய வடிவமைப்பு கசிவதில்லை, கசிந்தால் பட்டறைதான். இரண்டில் எது மலையடிவாரத்து ஓட்டுநருக்கு ஏற்றது என்பதில் பள்ளத்தாக்கில் இன்றும் ஒரே கருத்து இல்லை. பயணம் செய்பவர்களின் பக்கம் நின்று பார்த்தால், கிளட்ச்சுக்கு எண்ணெய் போகாத வண்டியே மேல்.

இன்னும் சாலையில் இருக்கும் ஜீப்புகளைத் தாங்களே பார்த்துக்கொள்பவர்களும் உண்டு. முழு வளையச் சீல் வாங்கும்போது, சிலவற்றில் உட்புறம் ஒரு பிளாஸ்டிக் வளையம் செருகியிருக்கும். சீலின் உதடு தண்டின் விளிம்பில் மடங்காமல் வழுக்கி ஏற வேண்டும் என்பதற்காக வைத்தது அது. பொட்டலத்தோடு வந்த குப்பை என்று அதை எறிந்துவிட்டு, சீலைச் சுத்தியலால் ஒரு பக்கமாகத் தட்டி ஏற்றுவதுதான் இப்போது அதிகம் காணும் தவறு. உதடு மடங்கிய சீல் முதல் வாரம் நன்றாகத்தான் இருக்கும். அடுத்த வாரம், வண்டி மலை ஏறி இறங்கிய பிறகு, வாசலில் அந்தக் கருப்பு வட்டம் வந்துவிடும்.